உஷார்! கைக்குச் சிக்கிய காக்கா சட்டிக்குப் போகக் கூடாது

செத்துக் கிடக்கிற காக்காவையோ, பறக்க முடியாமல் தத்தித் தத்தி நடக்கிற காக்காவையோ யாராவது கறிக்கென்று எடுத்துப் போவதைப் பார்த்தால் அங்கேயே தடுத்து நிறுத்துங்கள். “குக்கர்ல நாலு விசில் விட்டா எல்லாக் கிருமியும் செத்துடும்” என்பார்கள். கேட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். காக்கா கறியில் இருக்கும் ஆபத்துகளில் ஒன்று குக்கரில் ஏறும் முன்பே உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. மற்ற இரண்டும் எத்தனை விசில் விட்டாலும் கறியோடுதான் இருக்கும்.

இது எங்கோ நடக்கிற விஷயம் இல்லை. 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இராமேஸ்வரத்தில் 150 செத்த காக்கைகள் பிடிபட்டன. சாலையோரக் கடைகளுக்குக் காக்கா கறி விற்றதாக இரண்டு பேர் கைதானார்கள் என்று செய்தி வந்தது. முன்னோருக்குப் படைத்த சோற்றைக் காக்கை எடுக்க வேண்டும் என்று காத்து நின்ற பக்தர்கள், அந்தக் காக்கைகளே செத்து விழுவதைப் பார்த்துப் புகார் சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. 2025 மார்ச்சில் திருவள்ளூர் மாவட்டத்தில் 19 செத்த காக்கைகளோடு இரண்டு பேர் பிடிபட, வனத்துறை அபராதம் விதித்தது.

இன்னொரு பக்கம், காட்டுச் சமையல் வீடியோக்கள். “வெள்ளைக்காரர்களே ‘ரூக் பை’ என்று காக்காவைப் போட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள், நாமும் பிடித்துச் சமைத்துப் பார்த்தால் என்ன?” என்று கேட்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு.

இந்தக் காக்கா ஏன் சிக்கியது?

நல்ல உடம்போடு இருக்கிற காக்கா லேசில் கைக்குச் சிக்காது. கல்லெடுக்கக் குனிந்தாலே பறந்துவிடும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் 2006-இல் ஒரு குறிப்பிட்ட முகமூடியை மாட்டிக்கொண்டு சில காக்கைகளைப் பிடித்து, வளையமிட்டு விட்டார்கள். அதன் பிறகு பல ஆண்டுகள் ஆகியும் அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காக்கைகள் கூட்டமாகக் கத்தித் துரத்தின. ஒருமுறை பிடித்தவனின் முகத்தை அத்தனை காலம் மறக்காத பறவை அது.

அப்படிப்பட்ட பறவை தரையில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் கை நீட்டும்வரை காத்திருந்தால், அது நோயில் விழுந்திருக்க வேண்டும், அல்லது விஷம் தின்றிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் குண்டடிபட்டு விழுந்திருக்கும். எந்த வழியில் கைக்கு வந்திருந்தாலும் அது சட்டிக்கு ஆகாது.

நோயில் விழுந்த காக்கா

2020 டிசம்பர் கடைசியில் ராஜஸ்தானின் ஜாலாவாரிலும் மத்தியப் பிரதேசத்தின் இந்தூரிலும் காக்கைகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன. சோதித்தால் பறவைக் காய்ச்சல். அதே நாள்களில்தான் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் வாத்துப் பண்ணைகளிலும் எச்5என்8 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் உறுதியானது. 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்து உத்கிர் நகரில் செத்து விழுந்த காக்கைகளிடம் இருந்தது எச்5என்1 என்ற இன்னொரு வகை. பறவைக் காய்ச்சல் ஊருக்குள் வந்திருப்பதை மனிதர்களுக்கு முதலில் காட்டிக் கொடுப்பது பல நேரங்களில் காக்கைதான். நோயில் செத்த பறவையின் உடலைப் பல பறவைகள் ஒதுக்கிப் போகும்போது இது கொத்தித் தின்னும். அந்த நோயையும் சேர்த்தே தின்னும்.

எச்5என்1 மனிதருக்கு எளிதில் தொற்றாது, உண்மைதான். ஆனால் தொற்றினால் விடாது. 2003-க்குப் பிறகு உலகில் தொற்று உறுதியான நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள். இந்தியாவிலும் 2021 ஜூலையில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் ஒரு சிறுவனை இந்த வைரஸ் பறித்துக்கொண்டது.

“நன்றாக வேக வைத்தால் சாகாதா?” சாகும். கறியின் உள்பகுதிவரை 70 டிகிரி சூடு ஏறினால் வைரஸ் செத்துவிடும். ஆனால் பறவை தானாகச் சட்டிக்குள் போய் விழுவதில்லையே! யாரோ அதன் கழுத்தைத் திருகுகிறார்கள், இறகைப் பிடுங்குகிறார்கள், குடலை உருவுகிறார்கள். அப்போது பறக்கும் தூசியும் தெறிக்கும் இரத்தமும் எச்சமும் மூக்கிலும் கண்ணிலும் நகக்கண்ணிலும் ஏறுகின்றன. மனிதர்களுக்கு இந்த நோய் வரும் முக்கியமான வழியே இதுதான். அரிவாள்மனையிலும் கழுவும் தொட்டியிலும் ஒட்டிக்கொண்டது அடுத்து நறுக்கும் வெங்காயத்துக்குப் போகும். பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் பிள்ளையின் கைக்கும் போகும்.

பறவைக் காய்ச்சல் மட்டும்தான் என்றும் இல்லை. 1999-இல் நியூயார்க்கில் வெஸ்ட் நைல் வைரஸ் நுழைந்தபோது அங்கே காக்கைகள் தெருத்தெருவாகச் செத்தன. அந்த நோய் பரவுவது கொசுவால். ஆனாலும் 2002-இல் அமெரிக்காவில் இறந்த பறவையை அறுத்துச் சோதித்த ஆய்வக ஊழியருக்கே கத்தி கீறியதில் அது தொற்றியது. பயிற்சி பெற்றவருக்கே அந்த கதி என்றால், வெறும் கையோடு கொல்லையில் உட்கார்ந்து அறுப்பவர் என்ன ஆவார்?

விஷம் தின்ற காக்கா

எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான். நோயில் விழுந்த பறவையாவது சோர்ந்து, இறகு சிலிர்த்துப் பார்த்தாலே தெரியும்படி இருக்கும். விஷம் தின்ற பறவையோ கொழுகொழுவென்று, இரை தின்ற வயிற்றோடு விழுந்து கிடக்கும். “இப்பத்தான் செத்திருக்கு, சூடு கூட ஆறலை” என்று எடுத்துப் போவார்கள்.

காக்கா எப்படி விஷம் தின்கிறது? எலி மருந்து தின்று செத்த எலியைத் தின்கிறது. பூச்சிமருந்து கலந்து விதைத்த விதையைப் பொறுக்குகிறது. தெருநாய்க்கென்று யாரோ மருந்து தடவி வீசிய கறித்துண்டைக் கொத்துகிறது. சில சமயம் காக்காவைப் பிடிப்பதற்கென்றே அரிசியில் விஷத்தைக் கலந்து வைக்கிறார்கள். அப்படிப் பிடித்த காக்காவின் இரைப்பையில் அந்த விஷ அரிசி அப்படியே கிடக்கும். அதை அறுக்கிற கைக்கும் விஷம், கறிக்கும் விஷம். பூச்சிமருந்தைக் கொதிக்க வைத்து முறித்துவிடலாம் என்று நம்பி யாரும் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது.

மருந்து வைத்த இடத்திலேயே பறவை விழும் என்றும் இல்லை. நம் ஊர் வீட்டுக் காக்கை கப்பலேறிக் கிழக்கு ஆப்பிரிக்கக் கரைவரை போய்ப் பெருகியிருக்கிறது. அங்குள்ள சிறு பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் விடாமல் தின்பதால், கென்யாவின் வனவிலங்குத் துறை 10 லட்சம் காக்கைகளை ஒழிக்கப்போவதாக 2024-இல் அறிவித்தது. அதற்கு எடுத்துக்கொண்ட மருந்து ஸ்டார்லிசைட். இரையில் வைக்கும் அந்த மருந்து உடனே கொல்லாது. தின்ற பறவை பறந்து போய், பல மணி நேரம் கழித்து, வேறெங்கோ விழும். விழுந்த இடத்தில் விஷத்தின் சுவடே இருக்காது. செத்த காக்காவைப் பார்த்து “இந்தப் பக்கம் யாரும் மருந்து வைக்கவில்லை, அதனால் இது விஷம் தின்றிருக்காது” என்று சொல்ல யாராலும் முடியாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

குண்டடிபட்ட காக்கா

“நான் சுட்டுத்தானே எடுத்தேன், நோயும் இல்லை, விஷமும் இல்லை” என்பவருக்கு இது. நாட்டுத் துப்பாக்கி ரவையும் ஏர்கன் குண்டும் பெரும்பாலும் காரீயம். மென்மையான உலோகம். எலும்பில் பட்டதும் அதிலிருந்து பொடித் துகள்கள் சிதறும். குண்டைத் தோண்டி எடுத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத துகள் கறியில் பரவியிருக்கும். புளியும் தக்காளியும் போட்டுக் கொதிக்க வைத்தால் அந்தப் புளிப்பு காரீயத்தை இன்னும் கரைத்துக் குழம்பில் இறக்கும்.

காரீயத்துக்கு இவ்வளவுவரை ஆபத்தில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது. வளரும் பிள்ளையின் மூளையைத்தான் அது முதலில் தாக்கும். படிப்பு, கவனம், நடத்தை எல்லாம் கெடும், கெட்டது திரும்ப வராது. காரீயக் குண்டால் சுட்ட வேட்டைக் கறியைச் சிறு பிள்ளைகளும், கர்ப்பிணிகளும், குழந்தைப்பேற்றை எதிர்பார்க்கும் பெண்களும் தவிர்க்க வேண்டும் என்று வேட்டைக் கறி வழக்கமாக இருக்கும் பிரிட்டனிலேயே உணவுத் தர அமைப்பு சொல்கிறது.

வெள்ளைக்காரர்கள் தின்றார்களே?

தின்றார்கள். எதை, எப்போது, எப்படி என்று கேளுங்கள். ரூக் என்பது அலகின் அடிப்பகுதி வெளுத்து மொட்டையாகத் தெரியும் ஐரோப்பியக் கறுப்புப் பறவை. காக்கையின் உறவினம். வயல்வெளியில் மண்புழுவும் புழுக்களும் தானியமும் தின்று, உயரமான மரங்களில் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டும். மே மாத நடுவில், கூட்டை விட்டுக் கிளைக்கு வந்து இன்னும் பறக்கப் பழகாமல் உட்கார்ந்திருக்கும் குஞ்சுகளை மட்டும் சுடுவார்கள். தோலை உரித்து, நெஞ்சுக் கறியை எடுத்துக்கொண்டு, முதுகு கசக்கும் என்று எறிந்துவிடுவார்கள். ஆண்டில் சில நாள் வேட்டை, ஒரு பறவைக்கு ஒரு கைப்பிடிக் கறி. பஞ்சமும் போரும் இருந்த காலத்தில் அதுவும் ஆதரவாக இருந்தது.

பால்டிக் கடலோரத்தில் இன்று லித்துவேனியாவும் ரஷ்யாவும் பங்கிட்டிருக்கும் கூர்லாந்து மணல்திட்டு மீனவர்களும் அப்படித்தான். வலசை வரும் காக்கைகளை வலை போட்டுப் பிடித்து, பீப்பாயில் உப்பிட்டுக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொண்டார்கள். மணலில் பயிர் விளையாது, கடல் உறைந்தால் மீனும் இல்லை. வேறு வழியற்ற வயிறு அது.

அந்தக் காலத்தில் எச்5என்1 இல்லை. இன்றைய பூச்சிமருந்துகளும் இல்லை. குப்பைக் கிடங்கில் நாள் முழுக்க மேய்ந்து மருத்துவமனைக் கழிவுவரை கிளறும் நம் நகரத்துக் காக்கைக்கும், வயலில் வளர்ந்த அந்த ரூக் குஞ்சுக்கும் உறவு இருக்கலாம், உணவில் ஒற்றுமை இல்லை. அந்தச் சமையல் குறிப்பை எடுத்து நம் ஊர்க் காக்காவுக்குப் போடுவது உயிரோடு விளையாடுவது.

இங்கிலாந்தில் இருக்கும் நம் பிள்ளைகளும் கவனிக்க வேண்டும். 1981-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அங்கே எல்லாக் காட்டுப் பறவைகளுக்கும் பாதுகாப்பு உண்டு. காக்கையையும் ரூக்கையும் சுடப் பொது உரிமம் இருப்பது பயிருக்கும் கால்நடைக்கும் வரும் பெரும் சேதத்தைத் தடுப்பது போன்ற காரணங்களுக்காக மட்டும். கறிக்காகச் சுட்டேன், பொழுதுபோக்குக்குச் சுட்டேன் என்றால் குற்றம்.

இங்கே சட்டம் மாறிவிட்டது

“காக்காவைக் கொன்றால் யார் கேட்பார்கள்?” என்ற காலம் போய்விட்டது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வீட்டுக் காக்கை எலியோடு சேர்த்துத் தொல்லை உயிரினங்களின் பட்டியலில் இருந்தது. 2022-இல் வந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பட்டியலே நீக்கப்பட்டது. வீட்டுக் காக்கை இப்போது இரண்டாம் அட்டவணையில், பாதுகாக்கப்பட்ட உயிர்களில் ஒன்று. கொன்றாலும் கறியை விற்றாலும் சிறையும் அபராதமும் உண்டு.

என்ன செய்ய வேண்டும்?

செத்த காக்காவைக் கையால் தொடாதீர்கள், பிள்ளைகளையும் நாயையும் பக்கத்தில் விடாதீர்கள். ஒரே இடத்தில் இரண்டு மூன்று விழுந்து கிடந்தால் அரசு கால்நடை மருத்துவமனைக்கோ, 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ, உள்ளாட்சி அலுவலகத்துக்கோ உடனே சொல்லுங்கள். அவர்கள் மாதிரி எடுத்துப் போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும். நீங்களே புதைத்துவிட்டால் ஊருக்கு வர வேண்டிய எச்சரிக்கையையும் சேர்த்துப் புதைத்துவிடுகிறீர்கள்.

தெரியாமல் தொட்டுவிட்டால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். அடுத்த பத்து நாளுக்குள் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு, மூச்சுத்திணறல் எது வந்தாலும் மருத்துவரிடம் போய் முதல் வார்த்தையாகவே “செத்த பறவையைத் தொட்டேன்” என்று சொல்லுங்கள். வைரஸ் எதிர்ப்பு மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால்தான் பலன்.

யாராவது அந்தக் கறியைத் தின்றுவிட்டு எச்சில் வடிய, வியர்த்துக் கொட்ட, வாந்தியும் வயிற்றுப்போக்கும் எடுத்து, தசை துடித்து, பார்வை மங்கினால் அது பூச்சிமருந்து விஷமாக இருக்கலாம். மோரும் எலுமிச்சைச் சாறும் கொடுத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். மிச்சக் கறியைப் பாத்திரத்தோடு மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள்.

கடையில் சாப்பிடுகிறவர்கள் கோழியைத் துண்டாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டுக் காக்கை முந்நூறு கிராம் எடைதான் இருக்கும். அதன் காலும் நெஞ்சும் பிராய்லர் கோழித் துண்டின் அளவுக்கு வரவே வராது. எலும்பே தெரியாமல் பொடியாக நறுக்கி, சிவப்புப் பொடியில் முக்கி, நம்ப முடியாத விலைக்கு விற்கும் கறியில்தான் எதையும் கலக்க முடியும். கண்ணால் பார்த்து இது காக்கா என்று உறுதி சொல்ல முடியாது, மரபணுச் சோதனையால் முடியும். சந்தேகம் வந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் புகார் கொடுங்கள். கடையின் படத்தைப் போட்டு வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். நேர்மையாகப் பிரியாணி விற்கும் ஒரு குடும்பத்தின் பிழைப்பு ஒரே இரவில் போய்விடும்.

பசியால் ஒருவர் காக்கா கறிக்குப் போகிறார் என்றால் அவரைத் திட்டுவதால் பயனில்லை. அவருக்கு இந்த ஆபத்தைப் பக்குவமாகச் சொல்லி, அன்றைய சோற்றுக்கு வழி செய்யுங்கள். லாபத்துக்காக விஷ அரிசி வைத்துப் பிடிப்பவர் என்றால் தயங்காமல் வனத்துறையிடமும் காவல்துறையிடமும் சொல்லுங்கள். அவர் வைக்கும் விஷம் காக்காவோடு நிற்காது, அந்தக் கறியைத் தின்னும் எவர் வீட்டுப் பிள்ளையையும் தொடும்.