கோல் விழும் சமயம்

திருவிழாக் கூட்டத்தில், தேர் அசையும் அந்தக் க்ஷணத்தில், முன்னே நின்றவர்களின் முதுகை மட்டும் தரிசித்துவிட்டு வீடு திரும்பியவர்கள் நம்மில் எத்தனை பேர்! நமக்கு அந்த ஏமாற்றம் ஒரு நாளோடு போயிற்று. இங்கிலாந்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்து கால்பந்துப் பந்தயம் பார்க்கப் போகும் ரஸிகர்கள் பலருக்கோ அது பழகிப்போன அநுபவம்.

அந்நாட்டு மைதானங்களில் சில மிகப் பழமையானவை. லிவர்பூலின் ஆன்பீல்டு 1884-லும், மான்செஸ்டரின் ஓல்டு டிராபோர்டு 1910-லும் திறக்கப்பட்டவை. படியேற முடியாதவரும் பந்தயம் பார்க்க வருவார் என்ற நினைவு அக்காலத்தில் யாருக்கு இருந்தது?

1989-ல் ஷெபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ மைதானத்தில் நேர்ந்த நெரிசல் 97 உயிர்களைப் பலி கொண்டது. நீதிபதி டெய்லரின் 1990-ம் வருஷத்து அறிக்கைக்குப் பின், பெரிய மைதானங்களில் அனைவருக்கும் ஆசனம் ஏற்பட்டது. ஆனால் ஆசனம் இருந்து என்ன பயன்? பந்து வலையை நெருங்கியதும் எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள். எழ இயலாதவருக்கு எதிரே மனிதச் சுவர்! கோல் விழுந்த செய்தியை அவர் ஆரவாரத்தைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

இதற்குப் பரிகாரம் தெரியாமலில்லை. 2003-ல் வெளியான வழிகாட்டி நூல் ஒன்று, 40,000 பேர் கொள்ளும் புதிய மைதானத்தில் சக்கர நாற்காலிகளுக்கு 210 இடங்கள் வேண்டும் என்றது. முன்னிருப்பவர் எழுந்து நின்றாலும் பார்வை மறையாதபடி அவ்விடங்கள் உயர்ந்திருக்க வேண்டும் என்றும் சொல்லிற்று. 2014-ல் பி.பி.ஸி. விசாரித்தபோதோ, முதற் பிரிவின் 20 சங்கங்களில் 17 சங்கங்கள் போதிய இடம் அளிக்கவில்லை எனத் தெரிந்தது. 2017 ஆகஸ்டுக்குள் குறை தீரும் என்று 2015-ல் வாக்களித்தார்கள். அந்தக் கெடுவும் சில சங்கங்களுக்குப் போதவில்லை. ஆட்டக்காரர் ஒருவருக்குக் கோடி கோடியாகக் கொட்டிக் கொடுக்கும் சங்கங்கள் இவை!

துணைக்கு வருபவரையும் மறக்கலாகாது. பல சங்கங்கள் அவருக்கு இலவச டிக்கெட் தருகின்றன. ஆயினும் அவரை எட்டத்தில் உட்கார வைத்தால், தாகத்துக்குத் தண்ணீர் தருவது யார்? ஆட்டத்தின் ஆனந்தத்தைப் பகிர்ந்துகொள்வதுதான் யாரோடு?

2010-ம் வருஷத்துச் சமத்துவச் சட்டம் நியாயமான மாறுதல்களைச் செய்வது கடமை என்கிறது. ஆகவே இது தயவு அன்று. மூப்பு வந்தால் எவருக்கும் படி மலையாகிவிடும். இன்று குதித்தெழும் ரஸிகர், நாளை யார் முதுகுக்குப் பின்னால் அமரப் போகிறாரோ!