இட்லி அண்டாவும் பொறுப்புக் காப்பீடும்

தாராவியில் விடியற்காலை நான்கு மணிக்கே அடுப்பு எரியும். இட்லி வேகும். சாம்பாரும் சட்னியும் தயாராகும். பொழுது நன்றாக விடிவதற்குள் எவர்சில்வர் அண்டாக்கள் சைக்கிளில் ஏறிவிடும். சிலர் மாதுங்காவுக்குப் போவார்கள். சிலர் செம்பூருக்குப் போவார்கள். ஹாரனை அமுக்கிக்கொண்டே தெருத் தெருவாக விற்பார்கள்.

எங்கள் வகுப்புக்கு வரும் ஓர் அக்கா இப்படி இட்லி அவித்துக் கொடுப்பவர். சைக்கிளில் கொண்டு போய் விற்பவர் வேறு ஆள். ஒரு நாள் அக்கா கேட்டார்:

"தம்பி, நம்ம இட்லியைத் தின்னு யாருக்காவது வாந்தி பேதி ஆயிட்டா என்ன செய்ய? ஆஸ்பத்திரிச் செலவு நம்ம தலையிலதானே விழும்? பேங்குல வருஷம் 20 ரூபாய் பிடிக்கிறாங்களே, அது உதவுமா?"

அது உதவாது. அந்த 20 ரூபாய் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்துக்குப் போகிறது. 2015-ல் தொடங்கிய திட்டம் அது. அக்கா விபத்தில் இறந்தால் அவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். அது நமக்கு வரும் கேட்டுக்கான காப்பீடு. நம்மால் பிறருக்கு வரும் கேட்டுக்கு வேறு காப்பீடு வேண்டும். அதற்குப் பொறுப்புக் காப்பீடு என்று பெயர்.

ஆட்டோ ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். "தேர்டு பார்ட்டி" என்பார்கள். ஆட்டோ மோதி வழியில் போகிறவருக்கு அடிபட்டால், நஷ்ட ஈட்டைக் காப்பீட்டுக் கம்பெனி கொடுக்கும். அந்தக் காப்பீடு இல்லாமல் சாலையில் வண்டி ஓட்டக் கூடாது. உணவு விற்பவருக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. ஆனால் பொறுப்பு மட்டும் உண்டு.

எவ்வளவு பொறுப்பு? 2006-ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு சொல்கிறது. உணவால் ஒருவர் இறந்தால் நஷ்ட ஈடு 5 லட்சம் ரூபாய்க்குக் குறையக் கூடாது. பலமான பாதிப்பு என்றால் 3 லட்சம் வரை. மற்ற பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரை. தானே விற்றாலும், தனக்காக இன்னொருவர் விற்றாலும் பொறுப்பு உண்டு. இதைப் படித்துக் காட்டியதும் அக்கா வாயடைத்துப் போனார். ஒரு நாளைக்கு எத்தனை இட்லி விற்றால் 1 லட்சம் சேரும் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பாதியிலேயே விட்டுவிட்டார்.

விளைவிப்பவர் கதை கொஞ்சம் வேறு. தமிழ்நாட்டில் 1999-ல் மதுரையில் உழவர் சந்தை தொடங்கியது. மகாராஷ்டிரத்தில் 2016-ல் காய்கறி, பழங்களை மார்க்கெட் கமிட்டிக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தார்கள். விவசாயி நகரத்துக்கு நேரே வந்து விற்க வழி பிறந்தது. விவசாயி தன் கையாலே விற்கும் பச்சைக் கீரை இந்தச் சட்டத்தில் "உணவு" ஆகாது. விவசாயிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 18-ஆம் பிரிவும் சொல்கிறது. அதே கீரை வியாபாரி கைக்கு வந்ததும் "உணவு" ஆகிவிடும்! மும்பையில் ரயில் பாதை ஓரம் சாக்கடைத் தண்ணீரில் கீரை வளர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை வாங்கி விற்பவர்தான் சட்டத்தின் பிடியில் நிற்கிறார். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. விவசாயி ஊறுகாய் போட்டு விற்றால் அவருக்கும் பொறுப்பு வந்துவிடும்.

இன்னொரு சட்டமும் உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் அது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருளைத் தயாரித்தவர் யார் என்று தெரியாவிட்டால் விற்றவரே பொறுப்பாளி ஆகலாம் என்று அது சொல்கிறது. ஆகவே அக்கா அரிசியும் உளுந்தும் எண்ணெயும் வாங்கிய பில்லைப் பத்திரமாக வைக்க வேண்டும். இது காசில்லாத காப்பீடு.

சரி, காசு கட்டும் காப்பீடு எங்கே கிடைக்கும்? நியூ இந்தியா, நேஷனல், ஓரியண்டல், யுனைடெட் இந்தியா ஆகியவை அரசுக் கம்பெனிகள். தனியார் கம்பெனிகளும் இருக்கின்றன. அங்கே "பிராடக்ட் லயபிலிட்டி" என்று கேட்க வேண்டும். உள்ளதைச் சொல்கிறேன். இது பெரும்பாலும் ஓட்டல்களையும் தொழிற்சாலைகளையும் மனதில் வைத்து எழுதிய காப்பீடு. ஒற்றை அண்டாக்காரர் போனால் ஏஜெண்டு அக்கறை காட்ட மாட்டார். பத்து இருபது பேர் மகளிர் குழுவாகச் சேர்ந்து போனால் பேச்சுக்காவது இடம் இருக்கும்.

போகும் முன் உணவுப் பதிவு செய்திருக்க வேண்டும். 2011-ல் வந்த விதிகள் சிறு வியாபாரிகளுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணம் வைத்தன. பதிவு இல்லாமல் விற்றால் காப்பீட்டுப் பணம் கிடைக்காமல் போகலாம்.

பாலிசித் தாளை எழுத்துக் கூட்டியாவது படியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் படிக்கத் தெரிந்த பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். கம்பெனி அதிகபட்சம் எவ்வளவு தரும்? முதலில் நம் கையிலிருந்து எவ்வளவு போட வேண்டும்? எதற்கெல்லாம் தராது? கெட்டது என்று தெரிந்தே விற்றால் எந்தக் கம்பெனியும் தராது. யாராவது புகார் சொன்னால் உடனே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கம்பெனியைக் கேட்காமல் "தப்பு என்னுடையதுதான், பணம் தருகிறேன்" என்று எழுதிக் கொடுக்கக் கூடாது. அது பின்னால் வம்பாகும். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது வேறு. அதைத் தாராளமாகச் செய்யலாம்.

மறுநாள் அக்கா மளிகைக் கடையில் உளுந்து வாங்கினார். பில் கேட்டார். "இத்தனை வருஷமா கேட்காதவங்க இன்னைக்கு என்ன புதுசா?" என்று கடைக்காரர் சிரித்தார். அக்கா நகரவில்லை. கடைக்காரர் பில் எழுதிக் கொடுத்தார். அக்கா அங்கேயே நின்று தேதியைப் படித்துப் பார்த்தார். தேதி தவறாக இருந்தது. திருத்தி வாங்கிக்கொண்டுதான் வந்தார்.