வெயில் சாயட்டும்

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மார்ச் மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். மாலை வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கும், வேலை முடிந்து வந்து பந்து விளையாடலாம், தோட்டத்தில் அடுப்பு மூட்டி இறைச்சி சுடலாம் என்று கணக்கு. அரிசோனா மாநிலமும் 1967இல் ஒரு கோடைக்கு இதைச் செய்து பார்த்தது. அடுத்த வருடமே, வேண்டாம் சாமி என்று சட்டம் போட்டு விலகிக்கொண்டது. 43 டிகிரியில் வெந்துகொண்டிருப்பவனிடம் போய், உனக்கு இன்னும் ஒரு மணி நேரம் வெயில் தருகிறோம் என்றால் என்ன சொல்வான்? காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளி அரங்குக்காரர்களின் குறை இன்னும் நேரடியானது. இருட்டினால்தானே படம் ஓட்ட முடியும்? ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைவது மாலை 7.40 வாக்கில். கடிகாரத்தைத் தள்ளினால் அது 8.40 ஆகிவிடும். அதன் பிறகு இருட்டி, இரண்டு படம் ஓடி, எப்போது வீடு போய்ச் சேர்வது?

வடகிழக்கில் உள்ள நவஹோ பழங்குடியினரின் நிலப்பகுதி நீங்கலாக, இன்றுவரை அரிசோனா அந்தக் கடிகாரத்தைத் தொடவில்லை.

அந்த மாநிலத்தின் தலைநகரம் பீனிக்ஸ். சோனோரன் பாலைவனத்தின் நடுவில், ஹொஹோகம் மக்கள் என்றைக்கோ வெட்டிவிட்டுப் போன கால்வாய்களின் தடத்தில் எழுந்த ஊர். சுற்றுப் பகுதிகளையும் சேர்த்தால் 50 லட்சம் பேர் அளவுக்கு வாழ்கிறார்கள். வருடம் முழுவதும் பெய்யும் மழை சுமார் 180 மில்லிமீட்டர். சென்னையில் ஒரு புயல் நாளில் கொட்டித் தீர்க்கும் அளவு அது. 1990 ஜூன் 26 அன்று வெப்பம் 50 டிகிரியைத் தொட்டது. 2023இல் தொடர்ந்து 31 நாட்கள் பகலின் உச்ச வெப்பம் 43 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. இப்படிப்பட்ட ஊரில் கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் என்னதான் செய்வார்கள்? நிறையவே செய்கிறார்கள். அந்தக் கேளிக்கைகளில் பெரும்பாலானவை ஒரே சரக்கை நம்பித்தான் நடக்கின்றன: காய்ந்த காற்று.

பீனிக்ஸில் ஜூன் மத்தியானம் நீச்சல்குளத்திலிருந்து ஏறி வருபவருக்குப் பல் கிட்டும். காற்றின் வெப்பம் 42 டிகிரி, ஆனால் உடம்பு நடுங்கும். காற்றில் ஈரப்பதம் 10 சதவீதம்தான். உடம்பில் ஒட்டிய தண்ணீர் கண்ணெதிரே ஆவியாகும், ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைத் தோலிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஒன்றை அங்கே தொங்கவிட்டால் அது ஏறக்குறைய 20 டிகிரியைக் காட்டும். பள்ளியில் ஈரக்குமிழ் வெப்பநிலை என்று படித்தோமே, அதுதான். சென்னையில் 35 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் உள்ள ஒரு சாதாரண மே மாத நாளில் அதே கருவி 28 டிகிரிக்கு மேல் காட்டும். வெயில் மட்டும் பார்த்தால் பீனிக்ஸ் கொடுமை. ஈரத்துணியைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

இந்த ஒரு விஷயத்தை வைத்து அந்த ஊர் தொழிலே நடத்தியிருக்கிறது. ஏசி பரவுவதற்கு முன், வீட்டுத் திண்ணைகளிலும் வலை அடித்த தாழ்வாரங்களிலும் ஈரப் போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள். தேளும் எறும்பும் ஏறாமலிருக்கக் கட்டில் கால்களை மண்ணெண்ணெய் ஊற்றிய டப்பாக்களில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1930களில் யாரோ கைவேலை தெரிந்தவர்கள் கோழிவலை இரண்டுக்கு நடுவே மரச்சீவலை அடைத்து, அதன் மேல் தண்ணீர் சொட்டவிட்டு, பின்னால் மின்விசிறி வைத்து வீட்டுக்குள் காற்று அடிக்கச் செய்தார்கள். நம்மூர் ஏர்கூலரேதான். கொஞ்ச காலத்தில் அந்தப் பெட்டிகளைச் செய்து விற்கும் தொழிலுக்கே பீனிக்ஸ் பேர்போன இடமாகிவிட்டது. திருச்சியில் ஓரளவு வேலை செய்கிற கூலர் சென்னையில் வெறும் புழுக்கத்தைக் கிளப்புவதன் காரணமும் இதில் இருக்கிறது. ஏற்கெனவே ஈரம் குடித்து நிற்கும் காற்று இன்னும் எவ்வளவு குடிக்கும்?

இப்போது உணவகங்களின் வெளிமுற்றங்களில் கூரை ஓரமாக மெல்லிய குழாய் ஓடும். அதிலுள்ள நுண்துளைகள் அதிக அழுத்தத்தில் தண்ணீரைப் புகைபோலச் சீறும். துளி அவ்வளவு சிறியதாக இருப்பதால், தலையில் விழுவதற்குள் காற்றிலேயே காணாமல் போய்விடும். சட்டை நனையாது, காற்று மட்டும் குளிரும். நீச்சல்குளத்துக்கும் இதே வைத்தியம்தான். ஜூலையில் குளத்துத் தண்ணீரே வெதுவெதுவென்று வெந்நீர் அண்டா மாதிரி ஆகிவிடும். விஷயம் தெரிந்தவர்கள் இரவில் குளத்துக்குள் ஒரு நீரூற்றை ஓடவிட்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள். தண்ணீர் சிதறச் சிதறக் கொஞ்சம் ஆவியாகும், மிச்சம் குளிரும்.

மனித உடம்பும் இதே வித்தையைத்தான் செய்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் போகும். ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கத் தேவையான வெப்பத்தைப்போல் ஏழு மடங்கு. பாலைவனத்தின் சூழ்ச்சி என்னவென்றால், அந்த வியர்வை கண்ணில் படாது. தோலுக்கு வந்ததும் உலர்ந்துவிடும். நெற்றியில் ஒரு சொட்டு இல்லை, சட்டை முதுகில் ஒட்டவில்லை, நாம் நன்றாகத்தானே இருக்கிறோம் என்று மலை ஏறிக்கொண்டே போகிறவர்கள் பாதி வழியில் விழுகிறார்கள். ஊர் நடுவில் ஒட்டகம் படுத்த மாதிரி இருக்கும் கேமல்பேக் மலை சுமார் 820 மீட்டர் உயரம்தான். ஆனாலும் 2021 முதல், கடும் வெப்ப எச்சரிக்கை விடுக்கப்படும் நாட்களில் அந்த மலைப்பாதைகளைப் பகல் வேளையில் மாநகராட்சி பூட்டிவிடுகிறது. வெப்பம் 38 டிகிரியை எட்டினால் மாநகராட்சிப் பாதைகளில் நாயைக் கூட்டிப்போகக் கூடாது என்ற விதி அதற்கும் முந்தையது, 2016இல் வந்தது. நாய்களுக்கு முதலில் சட்டம் வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. மனிதர்கள்தான் சொன்னால் கேட்பதில்லை.

அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்வதற்கென்றே வியர்க்கும் பொம்மை ஒன்று இருக்கிறது. பெயர் ஆண்டி. ஆள் உயரம், உடம்பு 35 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது, ஒவ்வொரு பகுதியின் வெப்பத்தையும் தனித்தனியே கட்டுப்படுத்தலாம், தோலில் உள்ள நுண்துளைகள் வழியாக வியர்வை முத்து முத்தாக வெளிவரும். எந்த மனிதனையும் நிறுத்தக் கூடாத வெயிலில் அதைக் கொண்டுபோய் நிறுத்தி, வெப்பம் எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு உள்ளே போகிறது என்று கணக்கெடுக்கிறார்கள்.

பகலில் வெளியே போகத் துணிபவர்களுக்கு ஒரு நல்ல இடம், ஊருக்குக் கிழக்கே ஓடும் சால்ட் ஆறு. கிணற்றில் நீச்சல் பழக நம்மூரில் கட்டிக்கொள்ளும் அதே மாதிரி பெரிய டியூபில் உட்கார்ந்து, கும்பல் கும்பலாக ஆற்றோடு மிதந்து போவது அங்கே கோடைத் திருவிழா மாதிரி. சுற்றிலும் கொதிக்கும் பாறை, ஆனால் காலை விட்டால் ஜில்லென்று இருக்கும். மேலே ஸ்டூவர்ட் மவுண்டன் அணை தேக்கி வைத்திருக்கும் ஏரியில், வெயில் படும் மேல்தண்ணீர் சூடாகி லேசாகி மேலேயே மிதக்கும். கனத்த குளிர்ந்த நீர் அடியில் தங்கிவிடும். அணை திறந்துவிடுவது ஆழத்திலிருக்கும் அந்த நீரைத்தான்.

பேஸ்பால் ரசிகர்களுக்கு வேறு ஏற்பாடு. 1998இல் திறந்த மைதானத்துக்குத் திறந்து மூடும் கூரை, முழு அரங்குக்கும் ஏசி, ஆட்டம் பார்த்துக்கொண்டே குளிக்க ஒரு நீச்சல்குளம். தொடக்கத்தில் அங்கே இருந்தது நிஜப் புல். புல்லுக்கு வெயில் வேண்டும், ரசிகனுக்கு வேண்டாம். பகலில் கூரையைத் திறந்து புல்லுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு மூடி அந்தப் பெரிய கிண்ணத்தை மறுபடி குளிர்விக்க வேண்டும். இருபது வருடம் இந்தக் கூத்தை நடத்திவிட்டு, 2019இல் செயற்கைப் புல்லுக்கு மாறிவிட்டார்கள்.

ஆனால் அந்த ஊரின் உண்மையான கோடை, பொழுது சாய்ந்த பிறகுதான் தொடங்குகிறது. பாலைவனம் முழுவதுமே இரவு ஷிப்டில் வேலை செய்கிற இடம். நகருக்குள்ளேயே ஒரு வெள்ளநீர்ச் சுரங்கத்தில் மெக்ஸிகோ வௌவால்கள் ஆயிரக்கணக்கில் கோடையைக் கழிக்கின்றன. அந்தி நேரத்தில் அவை கூட்டமாகக் கிளம்புவதைப் பார்க்க மக்கள் மேலே வந்து நிற்பார்கள். டிக்கெட் கிடையாது.

பிள்ளைகளுக்குத் தேள் வேட்டை. புற ஊதா டார்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறச் சுவர் ஓரமாக நடந்தால், இருட்டில் தேள்கள் பச்சையும் நீலமுமாக ஒளிரும். அவற்றின் மேலோட்டில் உள்ள மெல்லிய படலத்தின் வேதிப்பொருள்கள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி, தெரியும் ஒளியாகத் திருப்பிக் கொடுக்கின்றன. சட்டை உரித்த புதுத் தேள் ஒளிராது. ஓடு இறுக இறுகத்தான் ஒளி வரும். அருங்காட்சியகத்தில் சாராயப் புட்டிக்குள் கிடக்கும் பழைய தேள்கூட டார்ச் அடித்தால் மினுங்கும். இதனால் தேளுக்கு என்ன லாபம் என்பதில் விலங்கியலாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. பார்க்கிறவர்களுக்கு லாபம் உண்டு. அங்கே உள்ள மரப்பட்டைத் தேளின் விஷம் கடுமையானது. வெறுங்காலோடு கொல்லைக்குப் போகிறவர் இந்த டார்ச்சை மறக்க மாட்டார்.

தெற்கே டூசான் நகரத்தில் தொஹோனோ சுல் என்ற தோட்டம் இருக்கிறது. அங்கே ஒரு கள்ளி வருடம் முழுக்கப் பட்டுப்போன குச்சி மாதிரி நிற்கும். கோடைத் தொடக்கத்தில் ஏதோ ஓர் இரவு மட்டும் பெரிய வெள்ளைப் பூவாக மலர்ந்து, மணத்தால் அந்துப்பூச்சிகளை இழுத்து, விடிந்ததும் வாடிவிடும். பெரும்பாலான செடிகள் ஒரே இரவில் பூக்கும், அது எந்த இரவு என்று கடைசி நேரம்வரை சொல்ல முடியாது. அறிவிப்பு வந்ததும் மற்ற வேலைகளைப் போட்டுவிட்டு ஊர் அங்கே போகும். நம் வீடுகளில் பிரம்ம கமலம் பூக்கும் இரவில் அக்கம்பக்கத்தாரை எழுப்பிக் காட்டுவோமே, அதுவும் கள்ளிக் குடும்பம்தான்.

பூ மட்டுமல்ல, கள்ளிகள் மூச்சு விடுவதும் இரவில்தான். பகலில் இலைத்துளையைத் திறந்தால் இருக்கும் தண்ணீர் எல்லாம் போய்விடும். எனவே இரவில் துளைகளைத் திறந்து, கரியமில வாயுவை வாங்கிப் புளிப்பான அமிலமாக மாற்றிச் சேர்த்து வைத்துக்கொள்ளும். பகலில் துளைகளை மூடிக்கொண்டு, அந்தச் சேமிப்பிலிருந்து வெயிலில் உணவு தயாரிக்கும். இந்த ரகசியத்தின் முதல் நுனியைப் பிடித்தவர்களில் ஒருவர் நம் பக்கத்தில் வேலை பார்த்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலையைக் காலையில் மென்றால் புளிக்கிறது, மத்தியானம் சப்பென்றாகிவிடுகிறது என்று எழுதியது 1815இல் லண்டனில் அச்சேறியது.

செடிகள் இரவை நம்புவதற்கும் காய்ந்த காற்றே காரணம். காற்றில் நீராவி குறைவு என்பதால், பகலில் தரை வாங்கிய வெப்பம் இரவில் தடையில்லாமல் விண்வெளிக்குத் தப்பிவிடும். திறந்த பாலைவனத்தில் அதிகாலைக்குள் 15 டிகிரிக்கு மேல்கூட இறங்கும். நகரம் இந்த வரத்தைத்தான் கெடுத்துக்கொண்டது. கான்கிரீட்டும் தாரும் பகல் முழுதும் வெப்பத்தைக் குடித்துவிட்டு இரவு முழுதும் கக்குகின்றன. 2023 ஜூலை 19 அன்று பீனிக்ஸின் குறைந்தபட்ச வெப்பம் 36 டிகிரி; அதாவது, அந்த இரவு முழுவதும் காற்று தோலை விடச் சூடு. அந்த வருடம் அந்த ஊர் அடங்கிய மாரிகோப்பா மாவட்டத்தில் வெப்பத்தால் இறந்தவர்கள் 645 பேர், பலரும் வீடில்லாதவர்கள். குளமும் பனிப்புகைக் குழாயும் எல்லோருக்கும் இல்லை.

2020இல் மாநகராட்சி சில தெருக்களுக்கு வெளிர்சாம்பல் பூச்சு அடித்துப் பார்த்தது. தார்ப்பரப்பு மத்தியானத்தில் 6 டிகிரிவரை குளிர்ந்தது, நல்ல செய்திதான். ஆனால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவிகள் பொருத்திய தள்ளுவண்டியோடு அங்கே போய் அளந்தபோது ஒன்று தெரிந்தது: தெருவிலிருந்து எதிரொளித்த வெயில் நடுப்பகலில் நடந்து போகிற ஆளின் மேல் விழுந்து, அவருக்குச் சூட்டைக் கூட்டியது. தெருவுக்கு நல்லது நடப்பவனுக்கு நல்லதாக இருக்க வேண்டியதில்லை. அந்த வண்டியோடு ஊர் சுற்றும் ஆரியான் மிடல் போன்றவர்களின் அளவுகள் எல்லாம் நிழலை நோக்கியே கை காட்டுகின்றன. மரமோ, பந்தலோ, கட்டடத்தின் நிழலோ, எதுவானாலும் சரி. இதைச் சொல்ல ஒரு வண்டி நிறையக் கருவிகள் தேவைப்பட்டது என்று நம்மூர்ப் பாட்டிகள் சிரிக்கலாம்.

ஜூலையில் தெற்கிலிருந்து ஈரக்காற்று ஏறி வந்தால் எல்லாக் கணக்கும் தலைகீழ். கூலர் வேலை செய்யாது, வியர்வை காயாது, இரவும் ஆறாது. ஆனால் ஊருக்கு அப்போதுதான் கொண்டாட்டம். 2011 ஜூலை 5 அன்று எழுந்தது போன்ற புழுதிச் சுவர்கள் நகரத்தையே விழுங்கிவிட்டுப் போகும், பின்னாலேயே மின்னலும் மழையும். மாதக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்த ஸ்பேட்ஃபுட் தவளைகள் மழை தரையில் அதிரும் அதிர்வைக் கேட்டு மேலே வந்து, அன்று இரவே குட்டையில் முட்டையிடும். குட்டை வற்றுவதற்குள் தலைப்பிரட்டை தவளையாகிவிட வேண்டும். பத்து நாட்களுக்குள்கூட அதை முடித்துவிடுவதுண்டு. முன்பெல்லாம் காற்றின் ஈரம் மூன்று நாள் தொடர்ந்து குறிப்பிட்ட அளவை எட்டினால்தான் மழைக்காலம் தொடங்கியதாக வானிலை அலுவலகம் அறிவிக்கும். 2008 முதல் அந்தக் கணக்கை விட்டுவிட்டு, ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை மழைக்காலம் என்று தேதி குறித்துவிட்டார்கள். 2023இல் அந்தத் தேதிகள் முழுவதும் சரியாக வந்துபோயின. பீனிக்ஸ் மழைமானியில் விழுந்தது மொத்தம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை.