சுண்ணாம்புச் சத்தும் இலையின் எச்சரிக்கையும்

கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலம், பண்ருட்டிப் பகுதிகளில் மணிலா என்றும் மல்லாட்டை என்றும் வழங்கும் நிலக்கடலைக்கு, விழுது இறங்கும் பருவத்தில், விதைத்த 40 முதல் 45 நாட்களுக்குள், ஜிப்சம் இட்டு மண் அணைப்பது உழவர்கள் நன்கறிந்த முறை. ஜிப்சத்தின் கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து, இல்லையென்றால் பருப்புப் பிடிக்காமல் காய் பொக்காகிவிடும். வேர் உறிஞ்சும் கால்சியம் நீரோட்டத்தோடு இலைகளுக்கு ஏறிவிடுவதாலும், அங்கிருந்து மண்ணுக்குள் இருக்கும் காய்க்குத் திரும்பி வராததாலும், காய் தனக்கு வேண்டியதைத் தன் ஓட்டின் வழியே சுற்றியுள்ள மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

இவ்வளவு தேவைப்படும் அதே சத்தைச் செடியின் ஒவ்வொரு செல்லும் தன் உட்புறத்திலிருந்து ஓயாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது என்பது தாவர உடலியலின் வியப்பான உண்மைகளுள் ஒன்று. செல்லுக்குள் ஆற்றலைக் கையாளும் வேலை பாஸ்பேட்டை நம்பியிருக்க, கால்சியம் மிகுந்தால் அது பாஸ்பேட்டோடு சேர்ந்து கரையாத உப்பாகப் படிந்துவிடும். ஆகவே சவ்வில் உள்ள புரத இறைப்பிகள், ஆற்றலைச் செலவிட்டுக் கால்சியத்தைச் செல்லுக்கு வெளியிலும் நுண்குமிழி எனப்படும் உட்பையிலும் கொண்டுபோய்த் தள்ளுகின்றன. இதன் விளைவாக, செல்லின் உட்குழம்பில் இருக்கும் கட்டற்ற கால்சியத்தைப்போல் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு கால்சியம் வெளியே நிற்கிறது.

நிறைந்து நிற்கும் வீராணம் ஏரியின் மதகைச் சிறிதளவு தூக்கினாலே வாய்க்காலில் நீர் பாய்வதுபோல, சவ்வில் உள்ள கால்வாய்ப் புரதம் ஒன்று கணநேரம் திறந்தாலே உட்குழம்பின் கால்சியம் சில நொடிகளில் பன்மடங்கு உயர்கிறது. கால்மோடுலின் முதலிய உணர்புரதங்கள் உள்ளே வந்த கால்சியத்தைப் பற்றிக்கொண்டு வடிவம் மாறி, அடுத்தடுத்த நொதிகளைத் தூண்டிவிடுகின்றன. இறைப்பிகள் மீண்டும் கால்சியத்தை வெளியேற்ற, செல் பழைய நிலைக்குத் திரும்புகிறது. கால்சியம் எவ்வளவு உயர்ந்தது, எத்தனை நேரம் நின்றது, எத்தனை முறை ஏறி இறங்கியது என்பனவெல்லாம் சேர்ந்துதான் செய்தியாகின்றன.

அந்தக் கால்வாய்ப் புரதங்களில் ஒரு குடும்பத்துக்குக் குளூட்டமேட் ஏற்பி ஒத்த கால்வாய்கள் என்று பெயர். அஜினோமோட்டோவாகச் சமையலறையில் அறிமுகமான குளூட்டமேட், விலங்குகளின் மூளையில் ஒரு நரம்புச் செல்லிலிருந்து அடுத்ததற்குத் தூண்டலைக் கடத்தும் பொருள். அதை ஏற்கும் விலங்குப் புரதங்களை ஒத்த மரபணுக்கள், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்னும் ஆய்வுச் செடியில் இருப்பது 1998இல் அறியப்பட்டது. அச்செடியில் மட்டும் அவை 20 உள்ளன. நரம்பே இல்லாத உயிரிக்கு இவை எதற்கு என்ற கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்க இருபது ஆண்டுகள் ஆயின.

மசட்சுகு தொயோட்டா, சைமன் கில்ராய் முதலியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், கால்சியம் கூடும்போது ஒளிரும் புரதத்தைச் செடிக்குள் அமைத்து, அதன் இலையொன்றைப் புழு தின்ன விட்டனர். கடிபட்ட இடத்தில் தோன்றிய ஒளி, இலைநரம்புகள் எனப்படும் குழாய்த் திசுக்களின் வழியே நொடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் பரவி, ஓரிரு நிமிடங்களில் புழு தொடாத இலைகளையும் அடைந்தது; அந்த இலைகளில் பூச்சியெதிர்ப்பைத் தூண்டும் ஜாஸ்மோனிக் அமிலம் பெருகத் தொடங்கியது. சிதைந்த செல்களிலிருந்து குளூட்டமேட் கசிவதையும், குளூட்டமேட்டை வைத்தாலே அதே அலை எழுவதையும் அவர்கள் கண்டனர். இக்குடும்பத்தின் இரண்டு கால்வாய்கள் இல்லாத செடியிலோ அலை பிற இலைகளை எட்டவில்லை. இதைக் கொண்டு செடிக்கு மூளை உண்டு, வலி உண்டு என்று எழுதுவது மிகை. தாவரமும் விலங்கும் தனித்தனியே பிரிவதற்கு முன்பிருந்தே வந்த ஒரு புரத வடிவத்தை இரு கிளைகளும் தத்தம் தேவைக்குப் பயன்படுத்தியுள்ளன என்பதே வியப்புக்குப் போதுமானது.

சிதம்பரம் வட்டத்து வயல்களில் இலைச்சுருட்டுப் புழு நெல் இலையின் பச்சையத்தைச் சுரண்டி வெண்கோடுகளாக்கும்போதும் செல்கள் சிதையத்தான் செய்கின்றன. ஆனால் நெல்லில் இக்கால்வாய்களின் பணி முதலில் புலப்பட்டது வேரில்தான். ஒரு கால்வாய் பழுதுபட்ட நெல் நாற்றின் வேர்நுனி வளர்ச்சி குன்றிப்போவதை 2006இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வரப்போரம் படரும் தொட்டாற்சிணுங்கியிலும் கால்சிய அலையும் மின்தூண்டலும் சேர்ந்தே ஓடி இலைகளை மடக்குகின்றன என்பதும், மடங்க இயலாதபடி மாற்றப்பட்ட செடிகளை வெட்டுக்கிளிகள் அதிகம் தின்கின்றன என்பதும் 2022இல் தெரியவந்தன. இச்செடியின் மின்தூண்டலை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அளந்தவர் ஜகதீச சந்திர போஸ்.

கடலோரக் கடலூருக்கு இந்த அறிவு மிக நெருக்கமாவது உப்பின் விஷயத்தில்தான். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடல்நீர் ஏறிய விளைநிலங்களைக் கண்ட மாவட்டம் இது. வேரில் உப்பு பட்டதும் கால்சியம் உயர்கிறது; அதை ஓர் உணர்புரதம் பற்றி ஒரு நொதியைத் தூண்ட, அந்நொதி சவ்விலுள்ள சோடிய வெளியேற்றியை முடுக்கிவிடுகிறது. வேரில் எழும் அலை தண்டுவரை ஏறுவதும் அரபிடாப்சிஸில் அளக்கப்பட்டுள்ளது. அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, பிச்சாவரத்தின் உவர்நீரில் தழைக்கும் வெண்கண்டல் மரம் வேரிலேயே பெரும்பகுதி உப்பைத் தடுத்து, மீறி வந்ததை இலைச் சுரப்பிகளின் வழியே வெளியேற்றுகிறது. அம்மரவகையின் மரபணு ஒன்றை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் பாசுமதி நெல்லில் சேர்த்து, அது உவரைக் கூடுதலாகத் தாங்குவதை 2008இல் காட்டினர். உப்பால் செல்லுக்குள் பெருகும் கேடான ஆக்சிஜன் வடிவம் ஒன்றை மாற்றியமைக்கும் நொதிக்கான மரபணு அது. ஆயினும் அத்தகைய ஆக்சிஜன் வடிவங்களே கால்சிய அலையை ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குக் கடத்தவும் உதவுகின்றன. அவற்றை உண்டாக்கும் நொதி குறைந்த வேரில் அலை மெதுவாகவே நகர்கிறது. ஆகவே உவரைத் தாங்கும் நெல்லை உருவாக்குவோர், நஞ்சாகும் அளவுக்கு மிஞ்சியதை மட்டும் அடக்கி, செய்தியைக் கடத்தத் தேவையானதை விட்டுவைக்க வேண்டியிருக்கிறது.