ஈர மிலாறும் நுரைச்சோலை நிலக்கரியும்

டயகமவில் நோன்புக் கஞ்சி காய்ச்சுபவர்களுக்குத் தெரிந்த கணக்கு ஒன்று உண்டு. மழை நாளில் எவ்வளவு விறகைத் தள்ளினாலும் கஞ்சி லேசில் கொதிக்காது. "விறகு எங்க எரியுது, தண்ணியத்தான் எரிக்கிறம்" என்பார் எங்கள் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சும் நானா. நிலக்கரியோடு தாவரக் கழிவைக் கலந்து எரிக்கும் தொழில்நுட்பத்தில் பாதி இந்தப் பேச்சுக்குள்ளேயே இருக்கிறது.

விடயம் இதுதான். இருக்கிற நிலக்கரி உலையிலேயே மரத்தூள், வைக்கோல், உமி போன்றவற்றைக் கொஞ்சம் சேர்த்து எரித்தால் அந்த அளவுக்கு நிலக்கரி மிச்சம். அனல் மின்னிலையங்கள் 5 வீதம் இப்படிக் கலக்க வேண்டும் என்று இந்தியா 2021 ஒக்டோபரில் கொள்கை வகுத்தது. வயலில் வைக்கோலைக் கொளுத்துவதால் டெல்லி மூச்சுத் திணறுவதும் அதற்கு ஒரு காரணம். நமக்கு இருப்பது ஒரேயொரு நிலக்கரி மின்னிலையம்: நுரைச்சோலை லக்விஜய, தலா 300 மெகாவாட் கொண்ட மூன்று அலகுகள். நிலக்கரியோ கப்பலில் வருகிறது.

அதில் ஓர் அலகுக்கு வேண்டிய வெப்பத்தில் 5 வீதத்தை விறகிலிருந்து எடுப்பதாக வைத்துக்கொள்வோம். எரிபொருளின் வெப்பத்தில் 36 வீதம் மின்சாரமாகிறது என்று கொண்டால், நன்றாகக் காய்ந்த விறகு நாளொன்றுக்குச் சுமார் 250 தொன் வேண்டும். பாதி எடை தண்ணீராக இருக்கும் பச்சை விறகென்றால் 450 தொன். மேலதிகமான அந்த 200 தொன்னும் லொறியில் சுமக்கும் வெறும் தண்ணீர்தான்.

இன்னொரு சிக்கல், அரைப்பது. நிலக்கரி நொறுங்கும், மாவாக்கி உலைக்குள் ஊதலாம். விறகு நார் நாராகக் கிழியும், மாவாகாது. அதனால்தான் உலர்த்தி, தூளாக்கி, சிறு குச்சிகளாக அழுத்திக் கொடுக்கிறார்கள். வைக்கோலில் பொட்டாசியம் அதிகம். அதன் சாம்பல் குறைந்த வெப்பத்திலேயே இளகி, கொதிகலன் குழாய்களில் பாகுபோல ஒட்டிக்கொள்ளும். குழாய் அடைத்தால் அலகையே நிறுத்த வேண்டிவரும்.

ஆகவே, கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய உலையில் எடுத்தவுடன் யாரும் பரீட்சித்துப் பார்ப்பதில்லை. முதலில் கணினியில் உலையை இலட்சக்கணக்கான சிறு பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வெப்பம், காற்று, பறக்கும் துகள் எப்படி மாறும் என்று கணக்கிடுகிறார்கள். அடுத்து ஆய்வுகூடத்தில் ஒரு சிட்டிகைத் தூளைச் சூடாக்கி, எடை குறையும் வேகத்தை அளக்கிறார்கள். பிறகு சிறிய உலை. அதற்கும் பிறகே பெரிய உலையில் ஒரு வீதம், இரண்டு வீதம் என்று கூட்டுவது. கணினி சொன்னதும் உலை காட்டியதும் பொருந்தாவிட்டால் கணக்கைத்தான் திருத்த வேண்டும், உலையை அல்ல!

அந்தக் கணக்கில் வராத ஒன்றும் உண்டு. கழிவு, கழிவு என்கிறோமே, யாருக்குக் கழிவு? கவ்வாத்து வெட்டிய மிலாறு தோட்டத்து லயங்களில் அடுப்பெரிக்கும் விறகு. தேயிலைத் தொழிற்சாலைகளும் கொழுந்து உலர்த்த விறகைத்தான் எரிக்கின்றன. 2005இல் தேயிலை, றப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராகக் கிளிரிசிடியாவை அறிவித்தார்கள். நல்ல யோசனைதான், ஆனால் அது தாழ்நாட்டுச் சூட்டை விரும்பும் மரம். நம் குளிருக்கு அவ்வளவாகத் தேறாது. மலையிலிருந்து நுரைச்சோலைக்கு விறகு போகுமென்றால் அது எந்த அடுப்பிலிருந்து போகிறது என்பதையும் ஒரு பெட்டியில் எழுத வேண்டும்.

சென்ற தவணையில், கடைத் தராசில் ஒரு கிலோ பச்சை மிலாறு நிறுத்து, இரண்டு கிழமை வெயிலில் போட்டு மறுபடி நிறுத்தோம். பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சியது. வீட்டில் ஒரு கட்டு எத்தனை நாளைக்கு வரும் என்று ஒரு மாணவியிடம் கேட்டேன்.

"காஞ்சதுன்னா மூணு நாளு சேர். மழைக்காலம்னா ரெண்டு நாளுகூட தாங்காது. அம்மா திரும்ப மலைக்குப் போவணும்."