அழகுக்கலை வேலை நிலைக்குமா?

எஸ்.பி.எம். முடித்த பெண் பியூட்டிஷியன் படிப்புக்குப் போகிறேன் என்றால், பத்து காஜா வீடுகளில் முதலில் வரும் கேள்வி: "அது நிலையான வேலையா?" தோட்டம் கைமாறியபோது வேலையும் லயத்து வீடும் ஒன்றாகப் போனதைப் பார்த்தவர்கள் நம் பெரியவர்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

என் பதில் இதுதான். தொழில் நிலைக்கும். நீங்கள் வேலை பார்க்கும் கடை நிலைக்குமா என்பதற்கு யாரும் உறுதி தர முடியாது. அதனால் பாதுகாப்பைக் கடையில் தேடாமல், உங்கள் பெயரில் இருக்கும் பதிவுகளில் தேடுங்கள்.

தொழில் நிலைக்கும் என்று எப்படிச் சொல்கிறேன்? புருவம் திருத்தவும் மணப்பெண்ணுக்குச் சடை அலங்காரம் செய்யவும் ஆள் நேரில் வந்தாக வேண்டும். இதை இணையத்தில் வாங்க முடியாது. பக்கத்துத் தொழிலான முடிதிருத்தும் கடைகளைப் பாருங்கள். 2009இல் வெளிநாட்டு ஆள் எடுப்பது நிறுத்தப்பட்ட பிறகு ஆள் இல்லை, ஆள் இல்லை என்று கடைக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள். பத்து காஜா நாடாளுமன்ற உறுப்பினர் வ. சிவகுமார் மனிதவள அமைச்சராக இருந்த 2023இல், முடிதிருத்தம், நகை, ஜவுளி ஆகிய மூன்று துறைகளுக்கும் சேர்த்து 7,500 பேருக்கு அனுமதி என்று அறிவிப்பு வந்தது. தொழில் தெரிந்த கைக்கு இங்கே பஞ்சம்தான்.

அப்படியானால் கடை ஏன் ஆடுகிறது? ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. மணப்பெண் அலங்காரத்தை நம்பும் கடைக்கு அந்த இரண்டு மாதமும் இழுபறி. வாடகை ஏறினாலும் சின்னக் கடை தாங்காது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது சலூன்கள் மூடப்பட்டு, ஜூன் 10இல்தான் திறந்தன. அப்போது சிறு நிறுவனங்களுக்கு அரசு ஆளுக்கு மாதம் 1,200 ரிங்கிட் சம்பள மானியம் தந்தது. ஆனால் சொக்சோ சந்தா (வேலை விபத்து, வேலை இழப்புக்கான காப்பு) கட்டிய ஆட்களுக்கு மட்டும். சந்தா கட்டாமல் கையில் சம்பளம் வாங்கியவர்களுக்கு அந்த மானியம் இல்லை.

"நான் கமிஷனுக்குத்தானே வேலை செய்கிறேன், எனக்கு என்ன உரிமை?" அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். கமிஷன் என்றாலும் நீங்கள் தொழிலாளியாக இருக்கலாம். எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று முதலாளி சொல்கிறாரா? கருவியும் கிரீமும் கடையுடையதா? உங்கள் வருமானத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறதா? எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத நிலையில், இப்படிப்பட்டவரைத் தொழிலாளி என்றே கருதவேண்டும் என்று 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம் சொல்கிறது. ஆகவே, "நான் ஃப்ரீலான்ஸ்" (சொந்தப் பொறுப்பில் தனியாக வேலை செய்பவர்) என்று எழுதிய தாளை நீட்டினால், படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தொழிலாளி என்றால் என்ன கிடைக்கும்? 2025 ஆகஸ்ட் 1 முதல் சின்னக் கடையிலும் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். கமிஷன் மட்டும் வாங்குபவருக்கும் மாதத் தொகை அதற்குக் கீழே போகக்கூடாது. வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை. அதற்கு மேல் ஓவர்டைம். இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) கணக்கில் உங்கள் பங்கு 11 விழுக்காடு. 5,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குபவருக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு. பிள்ளைப்பேற்று விடுப்பு 98 நாள். கர்ப்பம் என்பதற்காக வேலையை விட்டு நிறுத்தக்கூடாது. பெண்களே அதிகம் இருக்கும் தொழிலில் இதைத்தான் முதலில் சொல்லித் தரவேண்டும். எந்த அழகுக்கலைப் பயிற்சியிலும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை.

கடையை மூடுகிறார்கள் என்றால்? மூன்று ஆண்டு வேலை செய்தவருக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், குறைந்தது ஆறு வார முன்னறிவிப்பு உண்டு. ஆண்டுக்கு 15 நாள் வீதம் 45 நாள் சம்பளமும் சேரும். 1,700 வாங்கியவருக்குச் சுமார் 2,500 ரிங்கிட். சந்தா ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால், வேலை தேடும் காலத்தில் சொக்சோவும் சம்பளத்தில் ஒரு பகுதியைச் சில மாதங்களுக்குத் தரும். 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. "நீயே ராஜினாமா எழுதிக் கொடும்மா, பிரச்சினை இல்லாமல் போகும்" என்று முதலாளியம்மா அன்பாகச் சொல்லலாம். எழுதாதீர்கள். தானாக விலகியவருக்கு அந்த உதவித்தொகை இல்லை.

வீட்டிலிருந்தே மேக்கப் செய்பவரா நீங்கள்? அப்போது எல்லாம் உங்கள் தலையில்தான். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.மில் (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவு செய்யவேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், கடைப் பெயரில் என்றால் 60. சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ திட்டத்தில் அழகுத் தொழிலும் உண்டு; குறைந்த சந்தா ஆண்டுக்கு 157.20 ரிங்கிட். காலை நாலு மணிக்கு ஈப்போவுக்கு மேக்கப் பெட்டியோடு மோட்டாரில் போகிறவர் இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் வேலை நிமித்தம் வரும் விபத்துக்கும் நோய்க்கும்தான் இது. சாதாரணக் காய்ச்சலுக்கு அல்ல. முதுமைக்கு இ.பி.எஃப்.பின் ஐ-சாரான் திட்டத்தில் நீங்களே போடலாம். அரசும் ஒரு பங்கு சேர்க்கும். தொழில் முதலுக்கு, தெக்குன் நேஷனலின் ஸ்பூமி (இந்தியத் தொழில்முனைவோருக்கான திட்டம்) கடனை விசாரியுங்கள்.

சான்றிதழ் அவசியமா? அவசியம், ஆனால் எல்லாச் சான்றிதழும் ஒன்றல்ல. தங்க முத்திரை குத்திய தனியார் தாள்கள் நிறைய உண்டு. கேட்க வேண்டியது எஸ்.கே.எம். (மலேசியத் திறன் சான்றிதழ்). பணம் கட்டும் முன், அந்த மையத்துக்குத் திறன் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். ஏற்கெனவே பல ஆண்டு கடையில் நின்றவர் மறுபடி வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. அனுபவத்துக்குச் சான்றும் கோப்பும் கொடுத்து அதே சான்றிதழ் பெறும் பி.பி.டி. முறை இருக்கிறது.

வேலையையே முடித்துவிடும் தவறு ஒன்று உண்டு: ஊசி. போடாக்ஸ், ஃபில்லர் எல்லாம் தகுதிபெற்ற மருத்துவர் வேலை. பதிவில்லாத இடத்தில் அந்தச் சேவை நடத்தினால் 300,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஆறு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். வெளுக்கும் கிரீம்களிலும் கவனம் தேவை. டப்பாவில் 'என்.ஓ.டி.' என்று தொடங்கும் அறிவிப்பு எண் இல்லையென்றால் வாடிக்கையாளர் முகத்தில் தடவாதீர்கள்.

இப்போது கடையில் வேலை செய்கிறீர்களா? இன்றே கைப்பேசியில் இ.பி.எஃப். கணக்கைத் திறந்து, போன மாதத்து முதலாளி பங்கு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லையென்றால் முதலில் முதலாளியிடம் கேளுங்கள். பிறகும் ஏறாவிட்டால் சம்பளச் சீட்டோடு இ.பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.