எட்டு சென்டிமீட்டர் பறவையும் பத்து மீட்டர் தூரமும்

தென்னிந்தியாவின் மிகச் சிறிய பறவைகளில் ஒன்றான டிக்கெல் பூங்கொத்தி, அலகு முதல் வால் நுனி வரை சுமார் 8 செ.மீ. ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு 10 செ.மீ. தையல்சிட்டும் சாம்பல் கதிர்க்குருவியும் ஏறக்குறைய 13 செ.மீ. சிட்டுக்குருவி 15 செ.மீ. இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளையில் படமெடுத்துப் புகழ்பெற்ற யானையோடு ஒப்பிட்டால் கணக்கு விளங்கும். 3 மீ. உயர யானையை 30 மீ. தள்ளி நின்று 200 மி.மீ. லென்ஸில் எடுத்தால் பிம்பத்தின் உயரம் 20 மி.மீ. வரும். அதே லென்ஸில் பூங்கொத்தியின் பிம்பம் 20 மி.மீ. நீளம் வர, அதிலிருந்து 1 மீ. தூரத்தில் நிற்க வேண்டும். பூங்கொத்தி அதற்கு விடாது.

ஆகவே லென்ஸ் நீள்கிறது. 36 மி.மீ. அகலமுள்ள சென்சார், 24 மெகாபிக்சல், அதாவது அகலவாக்கில் 6,000 பிக்சல்; லென்ஸ் 600 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 10 செ.மீ. தேன்சிட்டு 20 மீ. தூரத்தில் இருந்தால் பிம்பம் 3.1 மி.மீ., சுமார் 515 பிக்சல். 10 மீ. என்றால் 6.4 மி.மீ., 1,060 பிக்சல். 5 மீ. என்றால் 13.6 மி.மீ., 2,270 பிக்சல். சிவகாசியில் காலண்டர் அடிக்கும் ஆஃப்செட் அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது வழக்கமான அளவு. அந்தக் கணக்கில் இந்த மூன்று படங்களிலும் குருவி முறையே 4.4, 9, 19 செ.மீ. நீளத்தில் அச்சாகும். 10 மீட்டருக்கு அப்பால் எடுத்த தேன்சிட்டு, காலண்டர் தாளில் தன் உண்மை உருவத்தைவிடச் சிறியதாகவே தெளிவாக விழும்.

பணம் இந்தக் குறையை எவ்வளவு ஈடுசெய்யும்? கேனனின் 600 மி.மீ. எஃப்/11 (எஃப் எண் குறைந்தால் ஒளிவாய் பெரிது) லென்ஸ் 2020இல் வந்தபோது அமெரிக்க விலை 699 டாலர், எடை 930 கிராம். 2021இல் வந்த 600 மி.மீ. எஃப்/4 லென்ஸின் அறிமுக விலை 12,999 டாலர், எடை 3.09 கிலோ. விலை 18.6 மடங்கு, எடை 3.3 மடங்கு, உள்ளே விடும் ஒளி 7.6 மடங்கு. பிம்பத்தின் அளவோ 1 மடங்குதான். இரண்டிலும் குருவி ஒரே அளவில்தான் விழும். 10 மீட்டரை 5 மீட்டராகக் குறைத்தால் குருவிமேல் விழும் பிக்சல்கள் பரப்பளவில் சுமார் 4.5 மடங்காகின்றன. செலவு பொறுமை மட்டுமே. கேமராவுக்கான ஜி.எஸ்.டி. 2019 ஜனவரியில் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 1,00,000 ரூபாய் அடிப்படை விலையில் மிச்சம் 10,000 ரூபாய். பயனுள்ள குறைப்புதான். ஆனால் தூரத்தில் குறையும் 5 மீட்டருக்கு அது நிகராகாது.

கிட்டப் போவதற்கும் ஒரு விலை உண்டு. எஃப்/6.3இல் 10 மீ. தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 10 செ.மீ.; 5 மீட்டரில் 2.3 செ.மீ. கண் தெளிந்தால் வால் மங்கும். எஃப்/11க்குப் போனால் ஆழம் 4 செ.மீ. ஆகும், ஒளி மூன்றில் ஒரு பங்காகும்.

வேகம் அடுத்த கணக்கு. நொடிக்கு 5 மீ., அதாவது மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் குறுக்கே பறக்கும் குருவி, 1/1000 நொடியில் 5 மி.மீ. நகர்கிறது. 10 மீ. தூரத்தில் அது சென்சாரில் சுமார் 53 பிக்சல் இழுவிப் பதிகிறது. 1/4000 நொடியில் 13 பிக்சல். கிளையில் உட்கார்ந்தபடி நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் தலையைத் திருப்பினால்கூட, 1/1000இல் 5 பிக்சல் கலங்கும். அந்தக் காலத்தில் படமெடுக்க வெளிச்சம் தந்தது ஒளிர்தூள். ஜெர்மனியில் 1887இல் அறிமுகமான அந்தத் தூளில் மக்னீசியமும் பொட்டாசியம் குளோரேட்டும் இருந்தன. அது 1/30 நொடி எரிந்ததாகக் கொண்டாலும், அதற்குள் இந்தக் குருவி 17 செ.மீ. கடந்திருக்கும். தன் உடல் நீளத்தைவிட அதிகம்.

ஒளிக்குச் சிவகாசிப் பகுதியின் வறண்ட வானம் பெரிய உதவி. விருதுநகர் மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறக்குறைய 800 மி.மீ.தான். பட்டாசும் தீப்பெட்டியும் காய்வதற்கு உதவிய அதே வெயில் ஷட்டருக்கும் உதவுகிறது. முழு வெயிலில் எஃப்/6.3, 1/4000 நொடிக்குச் சென்சாரின் ஒளியுணர்வு அளவான ஐ.எஸ்.ஓ. 640 போதும். அதே மாவட்டத்துச் செண்பகத்தோப்புக் காட்டின் மரநிழலில் ஒளி பதினாறில் ஒரு பங்காகக் குறைந்தால் அது 10,000ஐத் தாண்டும். படத்தில் மணல் கொட்டியதுபோலப் புள்ளிகள் வரும். ஆறுமணிக்குருவி போன்ற வலசைப் பறவைகள் வந்து தங்கும் மாதங்களில் பகலும் சுருங்குகிறது: ஜூனில் சுமார் 12 மணி 40 நிமிடம், டிசம்பரில் 11 மணி 35 நிமிடம்.

ஃபிலிம் சுருளில் 36 படம். நொடிக்கு 20 படம் எடுக்கும் இன்றைய கேமராவுக்கு அது 1.8 நொடி வேலை. படத்துக்கு 30 எம்.பி. என்றால் 64 ஜி.பி. அட்டையில் 2,100 படங்கள் அடங்கும். விரலை எடுக்காவிட்டால் 105 நொடியில் நிறையும். ஒவ்வொன்றையும் 5 நொடி பார்த்துக் கழிக்க 2 மணி 55 நிமிடம் ஆகும். அந்த நேரத்தைக் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து செலவிடுவதே மேல் என்பது என் கருத்து.

எங்கே உட்காருவது? 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பரப்பு 1,016.57 சதுர கி.மீ. அதிலுள்ள சரணாலயத்துக்குள் நுழைந்து படமெடுக்க 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவின்படி அனுமதி வேண்டும். மேலே சொன்ன 8 முதல் 15 செ.மீ. பறவைகளுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. புல்லுருவி படர்ந்த மாமரம் ஒன்று போதும். புல்லுருவிப் பழம் தின்ற பூங்கொத்தி, பிசுபிசுக்கும் விதையைக் கழிக்கக் கிளையிலேயே பின்புறத்தைத் தேய்க்கும். அந்த ஒன்றிரண்டு நொடி அது இடம் மாறுவதில்லை. மரத்திலிருந்து 5 மீட்டரில் மறைவு கட்டி, விதை ஒட்டியிருக்கும் கிளையில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்திருந்தால் 20 படமாவது கிடைக்கும்.

கூட்டருகே மட்டும் இந்த 5 மீட்டர் கணக்கைப் போடக் கூடாது. தேன்சிட்டு இடுவது 2 முட்டை. அடைகாப்பு 14 முதல் 16 நாள். வராந்தாக் கொடியில் தொங்கும் கூட்டுக்கு எதிரே முக்காலி நிறுத்தினால் படம் எளிதாகக் கிடைக்கும். ஆனால் தாய் கூடு திரும்பத் தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த 2 முட்டையின் கணக்கில் கழிகிறது.